ஆனைத் திருக்கையும் கொம்புத் திருக்கையும் ஒண்டா?

உப்புவெளிக்காரன்:
திருகோணமலை கொட்பே துறைமுகத்தில இறங்குற கொம்பு வைச்ச திருக்கை எல்லாத்தையும் ஆனைத் திருக்கை எண்டுதான் சொல்றம். மான்டா எண்டுறது இதுதானா? அப்பிடியெண்டா புறாத்தீவுப் பவளப்பாரில முக்குளிக்கிற ஆக்களுக்கு ஏன் அது ஆம்பிடுறேல்ல? வழிச்சல் வலையில உயிரோட பட்டா எப்பிடிக் கழட்டி விடுறது?

பார்க்கரை:
வாயைப் பாருங்கோ, காணும். மான்டாவுக்கு வாய் தலையின்ட முன்விளிம்பில அகலமாத் திறந்திருக்கும், பல்லு கீழ்த்தாடையில மட்டும். மற்றதுகளுக்கு வாய் கொஞ்சம் பின்தள்ளி அடிப்பக்கம். திருப்பிப் போட்டாத்தான் வடிவாத் தெரியும்.

வாய் கீழ இருந்தா முதுகைப் பாருங்கோ. கண்ணுக்குக் கண் கறுப்புப் பட்டி, முதுகுத் துடுப்பு நுனி வெள்ளை, வாலடியில முள்ளு: மோபுலா மோபுலார் (மோபுலா எண்டுறது இந்தக் கொம்புத் திருக்கைகளின்ட பேரினம்). முதுகு பாசி கலந்த மண்ணிறம், துடுப்பில வெள்ளை இல்லை, வயிறு முன்பாதி வெள்ளை பின்பாதி சாம்பல்: மோபுலா தரபகானா. அகலம் ஒரு மீற்றர் சொச்சத்தோட நிண்டா குட்டி எண்டு நினைக்காதேங்கோ, மோபுலா கூலி எண்ட சின்னச் சாதியில வளர்ந்ததாவும் இருக்கலாம்.

எங்கட இந்து சமுத்திரத்தில மான்டாவிலயும் ரெண்டு சாதி. ஆழ்கடல் மான்டா 7 மீற்றர் வரை விரியும், வாய்க்குள்ளயும் சுத்தியும் கறுப்பு. பார் மான்டாவுக்கு வாய் வெளிறல், வயிற்றுப் புள்ளி செவுள் வெடிப்புகளுக்கு நடுவிலயும் வரும். 2017 வரை மான்டாவுக்கு தனிப் பேரினம் இருந்தது. மரபணுவைப் பார்த்து மோபுலாவுக்குள்ள சேர்த்திட்டாங்கள். அதால ‘எல்லாம் ஒரே குடும்பம்’ எண்டுறது பிழையில்லை, ‘எல்லாம் ஒரே சாதி’ எண்டுறதுதான் பிழை.

ஆழக்கணக்கு:
புறாத்தீவுக் கேள்விக்கு வாறன். இதுகளின்ட சாப்பாடு மிதவை உயிர், கூனிப்பொடி மாதிரியானதுகள். அது திரளுற இடத்திலதான் நிக்கும். மாலைதீவில பா எண்ட பவளத்தீவுக் கூட்டத்தில இருக்கிற ஹனிஃபாரு குடா சோளகக் காலத்தில மிதவை உயிரைப் புனல் மாதிரி அடைச்சுப் பிடிக்கிறதால அங்க பார் மான்டா கூட்டமா வரும். எங்கட பக்கம் அப்பிடியில்லை. கொட்டியாரக் குடாவுக்குள்ளயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி ஆயிரம் மீற்றரையும் தாண்டி இறங்குது. ஆழக்கடல் சாதிகளுக்கு அதுதான் தோது, ஆழமில்லாத புறாத்தீவுப் பாரில்லை. தரபகானா 1,800 மீற்றருக்கும் கீழ போனதை மின்னணு அடையாளம் கட்டிப் பதிஞ்சிருக்கினம். அந்தக் குளிரில மூளை விறைக்காமலிருக்க தலைக்குள்ள இரத்தக் குழாய் வலை கிடக்கு.

ராவில மிதவை உயிர் மேல ஏறும், திருக்கையும் பின்னால ஏறும். சூரைக்கு விரிச்ச வலையும் ராவில மேல்தண்ணியிலதான் கிடக்குது. வலையில படுறதுக்குக் காரணம் வேற தேடத் தேவையில்லை.

புள்ளி போட்ட கழுகுத் திருக்கையைப் பார்த்திட்டு மான்டா எண்டு படம் போடுறவையும் இருக்கினம். அதுக்குத் தாரா மூக்கு, கொம்பில்லை!

வலைக்கத்தி:
கழட்டுறதில முதல் விஷயம் நேரம். இது நீந்தினாத்தான் செவுளுக்குள்ள தண்ணி ஓடும், பின்னுக்கும் நீந்தாது. சிக்கி நிண்டா மூச்சுத் திணறும். இயந்திரத்தைக் கியரில இருந்து எடுங்கோ. பெரிசெண்டா படகுக்கு ஏத்தாமல் தண்ணிக்குள்ள வைச்சே கொம்பிலயும் செட்டையிலயும் சுத்தின கண்ணியை அறுங்கோ. மிச்ச வலைத்துண்டு உடம்போட போகக் கூடாது, கொம்பு விரியாட்டி தீன் வாய்க்குள்ள சேராது.

சின்னது தட்டில ஏறியிட்டால் ரெண்டு மூண்டு பேர் செட்டையின்ட ரெண்டு பக்கமும் பிடிச்சு, இல்லாட்டி படங்குத் துணியில கிடத்தித் தூக்குங்கோ. கொளுக்கி போடக் கூடாது. செவுள் வெடிப்புக்குள்ள கை விட்டுத் தூக்குறது, கொம்பில, வாலில இழுக்கிறது எல்லாம் உள்காயம். நீந்திப் போனாலும் பிறகு சாகும். இந்து சமுத்திர டூனா ஆணைக்குழுவின்ட 2019 தீர்மானமும் கொளுக்கியையும் செவுளில பிடிச்சுத் தூக்கிறதையும் தடுக்குது.

குட்டியும் ஒரு சூலுக்கு ஒண்டுதான், சூல் ஏறத்தாழ ஒரு வருசம். அடுத்த சூலுக்கு ரெண்டு மூண்டு வருசம் போகும். சூரை மாதிரிக் கணக்குப் போடேலாது.

உப்புவெளிக்காரன்:
வால் முள்ளுக் குத்துமோ?

பார்க்கரை:
மான்டா குத்தாது. மோபுலாருக்கு முள்ளிருக்கு, தூக்கேக்க வாலடிப் பக்கம் நிக்காதேங்கோ.