இவாலுவேஷனுக்குத் தமிழ்: "தேவையறி ஆய்வு" என்று சொல்லலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு குழந்தைக்குச் சிறப்புக் கல்வி வேண்டுமா என்று பார்க்கச் செய்கிற இவாலுவேஷனுக்குச் சொல் கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளை ஒரு வாரமாக வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன்.

> "மதிப்பீடு" நிலைத்துவிட்ட சொல். புதிதாக எதற்கு?

அது நிலைத்திருக்கிற இடம்தான் சிக்கல். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு மதிப்பீடு என்றாலே மதிப்பெண்தான்: வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு, விடைத்தாள் மதிப்பீடு. நியூ ஜெர்சியில் ஒரு பள்ளியில், முதல் வகுப்புப் பையன் ஒருவனுடைய அம்மாவுக்கு ஒப்புதல் படிவத்தைத் தமிழில் விளக்கினேன். நானும் மதிப்பீடு என்றுதான் சொன்னேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பத்து நாள் கழித்துப் பள்ளி வாசலில் பார்த்தபோது, "தினமும் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உக்கார வச்சு சொல்லிக் குடுக்கறேன் அண்ணா. எவ்வளவு எடுத்தா பாஸ்?" என்று கேட்டார். எழுத்து அட்டைகள் கைப்பையில் இருந்தன, ஓரமெல்லாம் நைந்து. அந்தப் பத்து ராத்திரியும் அந்தப் பிள்ளை தூக்கக் கண்ணோடு உட்கார்ந்திருக்கிறான். நான் வேறு சொல் சொல்லியிருந்தால் அவன் தூங்கியிருப்பான். அன்றைக்குத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

> "கண்டறிதல்" சரியாக இருக்குமே? மருத்துவத்தில் பழகிய சொல்.

மருத்துவத்தில் பழகியதால்தான் வேண்டாம் என்கிறேன். பள்ளி நோய்க்குப் பெயர் வைப்பதில்லை. மருத்துவர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் அது மட்டும் போதாது. சிறப்புக் கல்விக்கான அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் சொல்லும் 13 குறைபாட்டு வகைகளில் ஒன்றில் குழந்தை வரவேண்டும். அதனால் படிப்பில் தனி உதவி தேவைப்படவும் வேண்டும். இரண்டாவது கேள்விதான் பள்ளிக்கு உயிரானது. ஊரிலிருந்து வந்த பெற்றோரோ கண்டறிதல் என்றதும் "எத்தனை சதவீதம்?" என்பார்கள். அங்கே 40 சதவீத மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு அலைந்த பழக்கம்.

"பரிசோதனை" என்றவருக்கும் இதே பதில். ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது சட்டம். உளவியலாளர் ஒரு பக்கம் பார்ப்பார், கற்றல் குறைபாட்டு ஆசிரியர் ஒரு பக்கம் பார்ப்பார், சமூகப் பணியாளர் வீட்டுச் சூழலைக் கேட்பார், வகுப்பில் பின்னால் உட்கார்ந்து கவனிப்பதும் உண்டு. பெற்றோர் சொல்வதும் கணக்கில் சேரும். நியூ ஜெர்சியில் ஒப்புதல் தந்த நாளிலிருந்து தனிக் கல்வித் திட்டம் (அந்தப் பிள்ளைக்கென்றே எழுதுகிற ஐ.இ.பி.) தொடங்குவது வரை 90 நாள். இவ்வளவையும் பரிசோதனை என்றால் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது போல இருக்கிறது.

முடிந்தவரை குழந்தையின் தாய்மொழியில் செய்யவேண்டும் என்ற விதியையும் நம் சொல் தாங்கவேண்டும். 1970இல் கலிஃபோர்னியாவில் டயானா வழக்கு இதற்காகவே நடந்தது: ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என்று தனி வகுப்பில் போட்டிருந்தார்கள். அது பழைய கதையல்ல. முன்னே சொன்ன அதே முதல் வகுப்புப் பையனிடம் ஸ்பீச் தெரபிஸ்ட் இரண்டு பந்துள்ள படத்தைக் காட்டினார். "டூ பால்" என்றான். தாளில் பிழைக் குறி விழுந்தது. நான் குறுக்கிட்டு, தமிழில் ரெண்டு பந்து என்பதே இயல்பு, எண் வந்துவிட்டால் "கள்" போடாமலே பேசுவோம் என்றேன். அவர் நின்று, யோசித்து, குறிப்புக்குப் பக்கத்தில் "வீட்டு மொழி" என்று எழுதினார். நல்ல மனுஷி. மொழிபெயர்க்க யாரும் இல்லாத அறையில் அந்தப் பிழை பிழையாகவே போயிருக்கும்.

சரி, என் பரிந்துரை: தேவையறி ஆய்வு. வளரறி, தொகுத்தறி என்று நம் காதுக்குப் பழகிய அதே அமைப்பு. அறியப்போவது பிள்ளையின் மதிப்பை அல்ல, பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதை. "உங்கள் மகனுக்குத் தேவையறி ஆய்வு செய்ய ஒப்புதல் தருகிறீர்களா?" என்று கேட்டால் எந்த அம்மாவும் எழுத்து அட்டை வாங்க ஓடமாட்டார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வருவதை மறு தேவையறி ஆய்வு எனலாம். பள்ளியின் முடிவை ஏற்காத பெற்றோர் வெளியாரிடம் கேட்டுப் பெறுவது சார்பிலாத் தேவையறி ஆய்வு. இது கொஞ்சம் நீளம்தான், குறைக்க முடிந்தால் சொல்லுங்கள்.

> ஸ்கிரீனிங்குக்கு "வடிகட்டல்"?

வேண்டாமே. பிள்ளைகளை வடிகட்டுவதாகக் கேட்கிறது. ஸ்கிரீனிங் என்பது வகுப்பு முழுவதையும் பொதுவாக, மேலோட்டமாகப் பார்ப்பது; அதற்குத் தனி ஒப்புதல் தேவையில்லை. ஆய்வுக்குக் கட்டாயம் தேவை. பெற்றோர் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. "முதற்பார்வை" போதும் என்று படுகிறது.

அப்புறம், சிறப்புக் கல்வி உதவிக்கு எலிஜிபிள் என்பதற்குப் போட்டிருந்த தகுதி என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். "உங்கள் மகள் தகுதி பெறவில்லை" என்று ஒரு தாயிடம் படித்துக்காட்ட எனக்கு நா எழவில்லை. "உதவிக்கு உரியவர்" என்று மாற்றியிருக்கிறேன்.

தேவையறியாய்வு என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தா? இலக்கணம் தெரிந்தவர்கள் வெள்ளிக்குள் சொன்னால் நல்லது. திங்களன்று அடுத்த குடும்பத்துக்குப் படிவம் போகிறது.