புதுப்பிப்பு: இடது கை கேரம், உண்டியல் நிலவரம்

ராயபுரத்தில் ஞாயிறு முழுக்க இடது கையால் மட்டுமே கேரம் ஆடுவேன், என்னை ஜெயிப்பவர்கள் புற்றுநோய் உண்டியலில் நூறு ரூபாய் போட வேண்டும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஆடி முடித்தாச்சு.

ஜெயிக்காதவர்கள் அநேகமாக யாருமில்லை. 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவின் வடசென்னையில் இடது கையை நம்பி உட்கார்ந்தால் வேறென்ன நடக்கும்! ஒரு பொடியன் ரெட் காயைப் போட்டு, அதை உறுதி செய்யும் ஃபாலோ காயையும் போட்டுவிட்டு, "அண்ணே, காசு நாளைக்குத் தரேன்" என்று நழுவினான். (அவன் அம்மா வந்து கொடுத்துவிட்டார்.)

போர்டு பக்கத்தில் ஒரு அட்டை வைத்திருந்தோம்: வாய்ப்புண்ணோ, வெள்ளை, சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். மாவா (பாக்கு, புகையிலைக் கலவை) போடுகிற பசங்கதான் அதை அதிகம் படித்தார்கள். ஒருவர் ஓரமாக வந்து, "வாயை முழுசாத் திறக்க முடியல தம்பி, அதுவும் இதுல சேருமா?" என்றார். சேரும். பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வாய் இறுகுவது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி அனுப்பினோம்.

பணம், 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறது. ரசீது வந்ததும் போடுகிறேன். அப்புறம், ஜிபேயில் பாக்கி வைத்திருப்பவர்களே, உங்கள் பெயரெல்லாம் என் நோட்டில் இருக்கிறது.