மறுமொழி: ஸ்ஃபெனிக் எண்ணுக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம் நண்பர்களே,

மூன்று வெவ்வேறு பகா எண்களை ஒவ்வொரு முறை மட்டும் பெருக்கக் கிடைப்பது ஸ்ஃபெனிக் எண் (sphenic number). அதற்குத் தமிழ்ப்பெயராக இந்த இழையில் வந்த 'ஆப்பெண்' என்ற பரிந்துரைக்கு என்னால் சரி சொல்ல முடியவில்லை. ஸ்ஃபெனிக் என்பதன் கிரேக்க வேர் ஆப்பைக் குறிப்பதுதான். தலையோட்டிலுள்ள ஆப்பு வடிவ எலும்பின் ஆங்கிலப் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததே. ஆனால் எலும்பில் அந்த வடிவம் தெரிகிறது, எண்ணில் எங்கே தெரிகிறது? அப்புறம், 'ஆப்பு வைப்பது' என்ற பேச்சுவழக்கு வேறு வந்து முந்திக்கொள்ளும்.

சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் கணக்கை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். தமிழ்ச்சொல் அவர்களிடம் பிறகுதான் வந்து சேருகிறது. கேட்டவுடன் பொருள் விளங்காவிட்டால் அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

என் மகள் உயர்நிலை ஒன்றில் இருக்கிறாள். பகாக் காரணிகளைக் கண்டுபிடித்துப் பழக அஞ்சல் குறியீடுகளைப் பிரித்துப் பார்ப்பாள். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு 058793. முன்னால் நிற்கும் சுழியத்தை விட்டால் 58,793 = 7 × 37 × 227. மூன்று வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறை. அசல் ஸ்ஃபெனிக் எண்! அன்று வீட்டில் எனக்குத்தான் அவளைவிட மகிழ்ச்சி. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலின் 218042 அப்படி அமையவில்லை: 2 × 11 × 11 × 17 × 53. பகாக் காரணிகள் நான்கு வகை, அதிலும் 11 இருமுறை.

'முப்பகா எண்' அழகான சொல். ஆனால் 12 = 2 × 2 × 3 என்பதும் அதற்குள் நுழைந்துவிடும். 'வெவ்வேறு' என்ற நிபந்தனை பெயரிலேயே இருக்க வேண்டும்.

'எண்காரணி எண்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 58,793-க்கு 1, 7, 37, 227, 259, 1,589, 8,399, 58,793 என எட்டு வகுத்திகள் இருப்பது உண்மை. மூன்று பகா எண்களில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம்; 2 × 2 × 2 = 8. எந்த ஸ்ஃபெனிக் எண்ணுக்கும் இதே கணக்குதான். ஆனால் 24-க்கும் எட்டு வகுத்திகள் உண்டு, அது ஸ்ஃபெனிக் அல்ல. முதலில் வரும் 'எண்' எட்டா, இலக்கமா என்ற குழப்பம் வேறு.

என் பரிந்துரை: மூவேறு பகாப்பெருக்கு.

மூவேறு என்றதும் எண்ணிக்கையும் வேறுபாடும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. 30 = 2 × 3 × 5 இவ்வகையில் மிகச் சிறியது. 15-ஐ இருவேறு பகாப்பெருக்கு எனலாம், 210-ஐ நால்வேறு பகாப்பெருக்கு எனலாம்; ஒரே வார்ப்பில் ஒரு வரிசையே கிடைக்கிறது. ஆப்பை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

இலங்கைப் பாடநூல்களில் பகா எண் 'முதன்மை எண்' ஆகும். இங்கே இரண்டு வழக்கிலும் படித்தவர்கள் இருக்கிறோம். 'மூவேறு முதன்மைப்பெருக்கு' என்பதையும் இணைச்சொல்லாகப் பதியலாமா? இலங்கை நண்பர்கள் சொல்லுங்கள்.