புதுப்பிப்பு: ஈ.எஸ்.சி. விளக்கு எரிந்ததற்குக் காரணம் யா ரேட் சென்சார் அல்ல

லேசான வளைவில்கூட என் வண்டியில் ஈ.எஸ்.சி. (வண்டி சறுக்காமல் நிலையாக ஓட உதவும் மின்னணு அமைப்பு) எச்சரிக்கை விளக்கு எரிகிறது, பழுது கண்டறியும் ஸ்கேனர் யா ரேட் சென்சாரை (வண்டி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் கருவி) காட்டுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். சென்சாரை மாற்றச் சொன்னீர்கள். நல்லவேளை, மாற்றவில்லை.

வண்டி நின்றிருந்தபோது நேரடி அளவுகளைப் பார்த்தேன். யா ரேட் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. நான்கு சக்கர வேகமும் சரி. நேர்சாலையில் ஓட்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது: ஸ்டீயரிங் கண்ணுக்கு நேராக இருந்தும் அதன் கோண சென்சார் இடப்பக்கம் 9 டிகிரி காட்டியது! ஸ்டீயரிங் கோணத்தையும் வேகத்தையும் வைத்து வண்டி எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கட்டுப்பாட்டுக் கணினி கணக்கிடுகிறது. உண்மையான திருப்பம் அதோடு ஒத்துப்போகாததால் பழி யா ரேட் சென்சார் மீது விழுந்திருக்கிறது.

முன்பு வண்டிக்கு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை) செய்தவர்கள் ஸ்டீயரிங்கைக் கழற்றி நேராக்கினார்கள். கோண சென்சாரின் பூஜ்யப் புள்ளியை மீண்டும் அமைக்கவில்லை. பிரேக், உயிர் சம்பந்தப்பட்ட அமைப்பில் இந்த அலட்சியம் எனக்குக் கோபமூட்டுகிறது.

சமதளத்தில் சக்கரங்களை நேராக வைத்து ஸ்கேனர் மூலம் பூஜ்யப்படுத்தினேன். அதே வளைவுகளில் இப்போது விளக்கு எரியவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகும் அளவு தங்குகிறதா என்பது பாக்கி, பார்த்துவிட்டு எழுதுகிறேன்.