பேலியோவில் 75 கிலோவிலேயே நிற்கிறது, திரவ டயட்டுக்குப் பணம் கட்டலாமா?

நூல்கண்டு:
வணக்கம். வயது 41, உயரம் 158 செ.மீ., திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, காலையில் உட்கார்ந்தால் மாலை வரை நாற்காலிதான். சித்திரையில் 84 கிலோ இருந்தேன். வாட்ஸ்அப்பில் நடக்கும் ஒரு நலவாழ்வுத் திட்டத்தில் பணம் கட்டிச் சேர்ந்து, அவர்கள் கொடுத்த பேலியோ சார்ட்டை அப்படியே பிடித்துக்கொண்டேன். அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை, பழம் எதுவும் கிடையாது. முதல் மாதத்திலேயே நாலு கிலோ போனது, ஆடி முடிவதற்குள் 75க்கு வந்துவிட்டேன், ஆபீசில் எல்லோரும் என்ன ரகசியம் என்று கேட்கும் அளவுக்கு. அதோடு சரி. ஆவணி முழுக்க அதே 75, இப்போது புரட்டாசியும் பாதி ஓடிவிட்டது, 75.2, 74.8, 75.4 என்று அங்கேயே சுற்றிச் சுற்றி வருகிறது. சத்தியமாக ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை, கிருஷ்ண ஜெயந்திச் சீடையைக்கூடத் தொடவில்லை.

கோச்சிடம் கேட்டால் உடம்பில் நச்சு தேங்கிவிட்டது, மூன்று நாள் வெறும் திரவம், அப்புறம் ஒரு நாளைக்கு ஒரே வேளை, கூடவே அவர்கள் தரும் ஒரு பவுடர் என்கிறார். எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். இதற்கிடையில் தலை சீவினால் சீப்பு நிறைய முடி. கட்டலாமா? இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் என்ன செய்தீர்கள்?

பேலியோ_பாண்டி:
சகோ, இது எல்லோருக்கும் வருவதுதான், பயப்படாதீர்கள். மாவுச்சத்து எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள், கடை மசாலாத் தூள், சாஸ் இதிலெல்லாம் இருக்கும். கொழுப்பைக் கூட்டுங்கள், பட்டர் டீயை இரண்டு வேளையாக்குங்கள். எடை மெஷினைத் தூக்கிப் பரணில் போடுங்கள். திரவம், பவுடர் எல்லாம் வேண்டாம், அது பேலியோவே கிடையாது.

ஐந்தொகை:
பணம் கட்டுவதற்கு முன்னால் சில விவரம் சொல்லுங்கள் சகோதரி. ஒன்று, இடுப்புச் சுற்றளவு டேப் வைத்து எடுத்தீர்களா, எடை நின்றபிறகும் அது குறைந்ததா? அடுத்தது, ஒரு நாள் சாப்பாட்டை வாயில் போவதெல்லாம் சேர்த்து எழுதுங்கள், சார்ட்டில் இருப்பதை அல்ல, தட்டில் இருப்பதை. நடைப்பயிற்சி உண்டா? தைராய்டு, மாதவிடாய் விஷயமும் தெரிந்தால் நல்லது, விருப்பம் இருந்தால் மட்டும். கோச் உங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி என்று சொல்லியிருக்கிறாரா?

நூல்கண்டு:
நன்றி அண்ணா. டேப் எடுத்ததில்லை, ஆனால் டெய்லர் அக்கா ஆடியில் ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தார், அது இப்போதும் அதே பிடிப்பில்தான் இருக்கிறது, தளரவில்லை. சாப்பாடு இதுதான்: காலை 100 பாதாம், ஊறவைத்து லேசாக நெய்யில் வறுத்து. பதினோரு மணிக்கு பட்டர் டீ. மதியம் காய்கறியோடு பன்னீர், இரவும் அதே, 200 கிராம் பாக்கெட்டை இரண்டு வேளைக்குப் பிரித்துக்கொள்வேன். முன்பு முட்டையும் கோழியும்தான், வீட்டில் புரட்டாசி என்பதால் இப்போது பன்னீர். சமையலுக்கு நெய்யும் தேங்காய் எண்ணெயும் தாராளமாக ஊற்றச் சொன்னார்கள். கலோரி எண்ணவே தேவையில்லை என்று சொன்ன கோச், போன வாரம் "நீங்க 900 கலோரிதான் சாப்பிடறீங்க, அதனால மெட்டபாலிசம் தூங்கிடுச்சு" என்கிறார்.

நடை முதல் மூன்று மாதம் தினமும் முக்கால் மணி நேரம் நடந்தேன், ஷிப்மென்ட் நெருக்கடியில் அது நின்றுபோனது. இன்னொன்று, ஆரம்பத்தில் 50 பாதாமுக்கு மேல் உள்ளே போகாது, திகட்டிவிடும். இப்போதுதான் சார்ட்டில் உள்ள அளவைச் சரியாகச் சாப்பிட முடிகிறது. தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரை பல வருடமாகப் போடுகிறேன். மாதவிடாய் முன்னே பின்னே வரும்.

ஐந்தொகை:
விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. வாருங்கள், கணக்கு போடுவோம், இது நீங்கள் தினமும் செய்கிற வேலைதானே.

ஒரு பாதாம் சுமார் 1.2 கிராம், ஏழு கலோரி. நூறு பாதாம் என்றால் 700. வெண்ணெய் 20 கிராம் போட்ட டீ 150. பன்னீர் 200 கிராம் 580 பக்கம் வரும். நெய்யும் எண்ணெயுமாக நாளைக்கு இரண்டே மேசைக்கரண்டி என்று குறைத்து வைத்தாலும் 240. காய்கறிக்கு ஏதோ கொஞ்சம். கூட்டினால் 1,700க்கு மேல் போகிறது. 900 எங்கிருந்து வந்தது என்று உங்கள் கோச்சைத்தான் கேட்க வேண்டும்.

செலவுப் பக்கம் பாருங்கள். 1990இல் வந்த மிஃப்ளின், செயின்ட் ஜோர் சூத்திரம் என்று ஒன்று, டயட்டீஷியன்கள் நிறையப் பேர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பெண்களுக்கு: எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, கடைசியில் 161 கழிக்க வேண்டும். 75 கிலோவுக்கு 1,370 வருகிறது, சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு செலவழிப்பது. நாற்காலி வேலைக்கு 1.2ஆல் பெருக்கினால் 1,650. வரவு 1,700, செலவு 1,650. தூங்கவும் இல்லை, நச்சும் இல்லை, ஐந்தொகை சமன் ஆகிவிட்டது, அவ்வளவுதான்!

84 கிலோவில் நடையும் சேர்த்தபோது அதே சூத்திரப்படி செலவு 2,000 பக்கம், பாதாம் பாதிதான், ஆகவே மளமளவென்று இறங்கியது. அதிலும் முதல் மாதத்து நாலு கிலோவில் நிறையத் தண்ணீர். அரிசியை நிறுத்தியதும் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்கிற மாவுச்சத்துச் சேமிப்பு கரையும், அது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், இரண்டும் சேர்ந்து வெளியேறும். அந்த வேகம் மறுபடி வராது, எதிர்பார்க்கவும் கூடாது.

பாண்டி சொன்ன மாதிரி கொழுப்பைக் கூட்டினால் எடை ஏறும், சொல்லிவிட்டேன். பாதாமை 30 ஆக்குங்கள், 490 கலோரி அங்கேயே போச்சு. பட்டர் டீயை விட்டு சர்க்கரை போடாத சாதா டீ. மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், 50 கிராம் கடலை ஊறவைத்தது, 190 கலோரிக்குள் முடியும். மொத்தம் 1,300 பக்கம் நிற்கும்.

பேலியோ_பாண்டி:
சுண்டலா? பயறு வகை பேலியோவில் கிடையாது ஐயா. நான் கலோரி எண்ணாமலே 20 கிலோ குறைத்தவன். எண்ண ஆரம்பித்தால் பைத்தியம் பிடித்துவிடும், பசித்தால் சாப்பிடு, பசிக்காவிட்டால் விடு, இதுதான் எங்கள் வழி.

வைகைக்கரை:
மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருக்கிறேன், இதற்குமேல் விவரம் வேண்டாம்.

பாண்டி அண்ணன் பொய் சொல்லவில்லை, மாவுச்சத்தை நிறுத்தினால் பலருக்குப் பசியே அடங்கிப் போகும், எண்ணாமலே குறைவாகச் சாப்பிடுவார்கள், அதனால் இறங்குவார்கள். ஆனால் பசியைப் பார்க்காமல் சார்ட்டைப் பார்த்து 100 பாதாமை முடிக்கிற ஒருவருக்கு அந்த வழி வேலை செய்யாது. 1992இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு, 1,200 கலோரிக்குள்தான் சாப்பிடுகிறோம், எடை அசையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை வைத்து அளந்தார்கள். உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், மெட்டபாலிசத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், கண்ணளவு அப்படித்தான் இருக்கும், தாளிப்பில் ஊற்றும் எண்ணெயை யார் அளக்கிறார்கள்?

அக்கா, அந்தத் திரவத் திட்டத்தைத் தொடாதீர்கள். முடி கொட்டுவது வேகமாக எடை இறங்கி இரண்டு மூன்று மாதம் கழித்து வருகிற விஷயம், பெரும்பாலும் தானாக நின்றுவிடும், ஆனால் மறுபடி பட்டினி போட்டால் மறுபடி ஆரம்பிக்கும். வேகமாக இறக்குவதில் பித்தப்பைக் கல் ஆபத்தும் உண்டு. நாளைக்கு 800 கலோரிக்குக் கீழே போவதெல்லாம் மருத்துவர் பார்வையில் மட்டும் செய்ய வேண்டியது. நச்சை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, அவற்றுக்கு 6,500 ரூபாய் தேவையில்லை.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ, காப்பி, சாப்பாடு எல்லாம். முடிக்காக இரும்பு, கால்சியம் மாத்திரை ஏதாவது வாங்கிப் போடுகிறீர்கள் என்றால் அதற்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். ஒன்பது கிலோ குறைந்திருக்கிறீர்கள், டி.எஸ்.எச். என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்து எவ்வளவு நாளாயிற்று? அதோடு ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

டேப் எடுங்கள், மறக்க வேண்டாம். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது என்பது கணக்கு. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ தண்ணீரே ஏறும், ஊறுகாய், அப்பளம் தின்ற மறுநாளும் ஏறும். 75.2ஐயும் 74.8ஐயும் வைத்து மனசைக் கெடுத்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை, வாரச் சராசரி எடுத்து, போன மாதம் அதே கட்டத்தோடு ஒப்பிடுங்கள்.

சுண்டல் தாராளமாகச் சாப்பிடலாம். நவராத்திரி வீடு வீடாகக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வர வேண்டாம். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மாவா சொன்னார்கள், கொங்கு நாட்டுக்காரர் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மெல்லநட:
ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டைக் குறைத்தால் நமக்குத் தெரியாமலே உடம்பு அசைவைக் குறைத்துக்கொள்ளும், லிஃப்ட் தேடும், கை வேலையைப் பிள்ளையிடம் சொல்லும். 1944, 45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்துப் பார்த்தார், உடம்பும் மனசும் எப்படிச் சுருங்கிப் போகின்றன என்பது அதில் தெளிவாகவே பதிவாகியிருக்கிறது, நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்களாம். ஆகவே "மெட்டபாலிசம்" என்று கோச் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் அதற்கு மருந்து மேலும் பட்டினி கிடையாது!

நீங்கள் ஐந்து மாதத்துக்கு மேலாக விடாமல் பிடித்திருக்கிறீர்கள். இரண்டு வாரம் எடை ஏறாமல் இறங்காமல் 1,650இலேயே நின்று, அதற்கப்புறம் 1,300க்கு இறங்கலாம் என்பது என் யோசனை. ஆஸ்திரேலியாவில் ஆண்களை வைத்து இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் இடைவேளை என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் இடைவேளை எடுத்தவர்களுக்கே அதிகம் இறங்கியது. பிறகு வந்த எல்லா ஆய்விலும் அப்படி வரவில்லை என்பதும் உண்மை, ஆனால் தலைமுடிக்கும் மனசுக்கும் ஓய்வு கிடைக்கும். நடையை மறுபடி தொடங்குங்கள், மதியம் சாப்பிட்டதும் கம்பெனியைச் சுற்றி பத்து நிமிடம் என்றாலும் சரி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி இறக்குவது. இல்லையென்றால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும்.

கடல்தாண்டி:
இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை, கிளிமிபிரைடும் டாபாகிளிஃப்ளோசினும் சாப்பிடுகிறார். அவரும் யாரோ சொன்னார்கள் என்று நாளையிலிருந்து பேலியோ என்கிறார். நான் இங்கே சிங்கப்பூரில் இருக்கிறேன், போனில் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார்.

வைகைக்கரை:
தம்பி, நாளைக்கு வேண்டவே வேண்டாம். மாவுச்சத்தைத் திடீரென நிறுத்திவிட்டு கிளிமிபிரைடு போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். டாபாகிளிஃப்ளோசின் அதைவிட மோசம், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிப்போகும் ஆபத்து உண்டு, மெஷினில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரைப் பார்த்து அளவை மாற்றிய பிறகுதான் சாப்பாட்டை மாற்ற வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார் என்றால் அம்மாவிடம் சொல்லி அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

நூல்கண்டு:
எல்லோருக்கும் நன்றி. பணம் கட்டவில்லை, குரூப்பில் கலோரிக் கணக்கைப் போட்டுக் கேட்டேன், பதில் வருவதற்குள் என்னை நீக்கிவிட்டார்கள். டி.எஸ்.எச். நாளைக்குக் கொடுக்கிறேன். இடுப்பு இப்போது 94 செ.மீ. பாதாமைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 100 என்பது 124 கிராம் வந்தது, நெய் தனி!

ஒரே கேள்வி. அந்த இரண்டு வார இடைவேளையில் ஒரு நாளாவது அரிசிம்பருப்பு சாதம் சாப்பிடலாமா? ஐந்து மாதமாகக் கனவிலேயே வருகிறது.

ஐந்தொகை:
தாராளமாக. அரிசி 60 கிராம், துவரம்பருப்பு 40 கிராம், வேகவைக்கும் முன் எடை போடுங்கள், 350 கலோரி. தாளிக்க இரண்டு டீஸ்பூன் எண்ணெய், மேலே ஒரு டீஸ்பூன் நெய், அதற்கு 130. நிலக்கடலை போடுவது உங்கள் வீட்டு வழக்கம் என்றால் பத்து கிராமோடு நிறுத்துங்கள். மறுநாள் மெஷினில் ஒரு கிலோ ஏறிக் காட்டும், அது தண்ணீர், பாண்டியிடம் சொல்லாதீர்கள்.

பேலியோ_பாண்டி:
படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சாப்பிடுங்கள் சகோ, கூட ஒரு கிண்ணம் தயிர் வைத்துக்கொள்ளுங்கள்.