சூதாட்டம் ரத்தத்துலயே வருமா? உங்க வீட்டுக் கதைய சொல்லுங்க

செங்கோட்டைக்காரி:
எங்க தாத்தா சீட்டாட்டத்துல வயல விட்டவரு. அப்பாவுக்கு லாட்டரி. 2003ல தமிழ்நாட்ல லாட்டரிய தடை பண்ணப்ப அம்மா அப்பாடான்னு இருந்தாங்க, ஆனா அவரு பஸ் ஏறி ஆரியங்காவு போயி கேரளா டிக்கெட் வாங்கிட்டு வர ஆரம்பிச்சாரு, அடமழைன்னாலும் போவாரு. இப்ப தம்பி, ஃபோன்ல ரம்மி. அதே வீட்டுச் சோறு தின்னு வளந்த எனக்கு சீட்டப் பாத்தாலே கொட்டாவி வருது. சொந்தக்காரங்க "பரம்பரைப் புத்தி"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடறாங்க. அப்படித்தானா?

கோவை மெக்கானிக்:
பரம்பரை தெரியல, ஆனா மூளை ஏமாறறத தெனமும் பாக்கறேன். பட்டறைல ஒருத்தன் மூணு நம்பர் லாட்டரி, திருட்டுத்தனமாத்தான். மூணு மணிக்கு கேரளா ரிசல்ட் வர்ற வரைக்கும் ஸ்பேனர் கைல நிக்காது. அன்னிக்கு 471 எழுதியிருந்தான், வந்தது 472. தோத்த மொகமே இல்லீங்க, "ஒரு நம்பர்ல போச்சுடா, நெருங்கிட்டேன்"னு மறுநாள் டபுளா கட்டிட்டான். இருக்கறது ஆயிரம் நம்பரு, 471-ம் தோல்விதான் 008-ம் தோல்விதான், இதுல நெருங்கறது எங்க வந்துச்சு? கேம்பிரிட்ஜ்ல லூக் கிளார்க்னு ஒருத்தர் குழு 2009ல ஸ்லாட் மெஷின் ஆட வச்சு ஸ்கேன் எடுத்தாங்க, மயிரிழைல தோத்தப்பவும் ஜெயிச்சா வேல செய்யற அதே மூளைப்பகுதிதான் வேல செஞ்சிருக்கு.

பாலக்காட்டு மகள்:
எங்கப்பா கதை வேற மாதிரி. ரிட்டையர்டு வாத்தியார், தீபாவளிக்குக்கூட சீட்டு தொடமாட்டார், எதிர் வீட்ல லாட்டரி வாங்கினா எங்ககிட்ட கிண்டல் பண்ணுவார். பார்க்கின்சன் வந்து மாத்திரை ஆரம்பிச்சு டோஸ் ஏத்தினதுக்கு அப்புறந்தான் மாறினார். பெட்ஷீட் மாத்தறப்ப மெத்தைக்கு அடியில டிக்கெட் கட்டு கட்டா, சீரியல் வாரியா அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கார், வாத்தியார் பழக்கம் போகல பாருங்க. பென்ஷன் பாஸ்புக்ல ஒண்ணுமில்ல. அம்மா அழுது சண்ட போட்டு, யாரோ செய்வினைன்னு சொல்லி கோயிலுக்கெல்லாம் போனோம். செக்கப்புக்கு போனப்ப டாக்டரே கேட்டாங்க, "செலவு கூடியிருக்கா, சூதாட்டம், ஷாப்பிங் மாதிரி எதுவும் புதுசா இருக்கா"ன்னு. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. பிரமிபெக்சோல்னு மாத்திரை, மூளைல டோபமின்ங்கற ரசாயனம் செய்யற வேலைய அது செய்யும், நடுக்கத்துக்கு நல்லது, ஆனா சில பேருக்கு இப்படி ஒரு வெறிய கெளப்பி விட்டுடுமாம். 2005லயே அமெரிக்காவுல மேயோ கிளினிக் ஆஸ்பத்திரி டாக்டருங்க இப்படிப்பட்ட 11 பேரப் பத்தி எழுதியிருக்காங்க. கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு மாத்திரைய மாத்தினாங்க, தானா அடங்கிருச்சு. "டிக்கெட்டப் பாத்தா கை தானா போச்சும்மா"ன்னார். அவருக்கு என்ன பரம்பரைப் புத்தி சொல்லுங்க?

நைட் டூட்டி நர்ஸ்:
மனநல வார்டுல இருக்கேன், செங்கோட்டை அக்காவுக்கு என் பதில்: ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல. வியட்நாம் போர்க் காலத்துல ராணுவத்துல இருந்த அமெரிக்க இரட்டையர்கள்கிட்டயும் பாத்திருக்காங்க, ஆஸ்திரேலியாவுல 2010லயும் பாத்திருக்காங்க. ஒரே கருவுல பிறந்த இரட்டையர்ல ஒருத்தருக்கு சூதாட்ட வெறி இருந்தா இன்னொருத்தருக்கும் இருக்கறது மத்த இரட்டையர விட அதிகம். ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்துல சுமாரா பாதி மரபணு கணக்கு. அதுக்காக "சூதாட்ட ஜீன்"னு தனியா ஒண்ணு கெடையாது. குடிக்கு அடிமையாகற போக்குக்கும் இதுக்கும் மரபணுல கொஞ்சம் பொதுவா இருக்கு. அதான் ஒரே வீட்ல அண்ணன் பாட்டில், தம்பி சீட்டுன்னு பாக்கறோம். 2013ல வந்த டிஎஸ்எம்-5, அதான் மனநோய்கள வகைப்படுத்தற அமெரிக்க டாக்டருங்க கையேடு, அதுலயும் இத குடி, கஞ்சா இருக்கற அதே அத்தியாயத்துக்கு மாத்திட்டாங்க. இன்னொண்ணு, எங்ககிட்ட வர்றவங்கள்ல நெறைய பேரு ஜெயிக்க ஆடறதில்ல. "ஆடற நேரத்துக்கு மட்டும் மண்டைல சத்தம் இல்ல சிஸ்டர்"னு சொல்வாங்க. தம்பிக்கு தூக்கம் எப்படி, முன்னாடியே டிப்ரஷன் இருந்துச்சா?

செங்கோட்டைக்காரி:
இருந்துச்சுன்னுதான் இப்ப தோணுது, வேல போனதுல இருந்தே ஒழுங்கா தூங்கல. நாங்க எல்லாரும் பணத்த மட்டும்தான் கேட்டோம்.

நைட் டூட்டி நர்ஸ்:
அப்ப அதையும் சேத்து பாக்கணும்க்கா. 14416 டெலி-மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி ஃபோன் நம்பர், தமிழ்லயே பேசலாம், அவன் வரமாட்டேன்னாலும் நீங்க பேசுங்க.

கோவை மெக்கானிக்:
பாலக்காட்டு அக்கா, எங்க மாமாவுக்கும் நடுக்கத்துக்கு ஏதோ குடுக்கறாங்க, அந்த மாத்திரை பேரு இன்னொரு தடவ சொல்லுங்க.

பாலக்காட்டு மகள்:
பிரமிபெக்சோல், ரோபினிரோல் ரெண்டுலயும் வரலாம்னாங்க. ஆனா சாமி, நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டு மட்டும்தான்.