புளிச்சக்கீரையைக் கஞ்சான்னு பார்த்த ஆளுங்க: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

லயத்துக்காரி, சுங்கை சிப்புட்
கேஸ் தோங் (சிலிண்டர்) கொண்டுவர்ற பையன்தான் ஆரம்பிச்சு வெச்சான். என் பின்வாசல் கீரை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். நுனி கிள்ளி, வலைக்கடியில படுக்க வெச்சு, மேசை மாதிரி மட்டமா நிக்கும். அவன் ஃபோனை எடுத்துப் படம் பிடிச்சான், ஒண்ணும் கேக்கல, போயிட்டான்.

சாயங்காலம் சாதா உடுப்புல ரெண்டு போலீஸ்காரங்க. சின்னவர் நேரா வலையைத் தூக்கி அடித்தண்டுல டார்ச் அடிக்கிறார். "இனி சாயோர், பாக்சிக்"னு (இது கீரைங்க ஐயான்னு) மலாய்ல நான் சொல்றது அவர் காதுல விழவே இல்ல. பெரியவர்தான் ஒரு இலையைக் கிள்ளினார். கசக்கினார், முகர்ந்தார், அப்புறம் சட்டுனு வாயில போட்டுட்டார். மென்னுக்கிட்டே ஒரு கண்ணை மூடினார் பாருங்க! "மாசாம்"னார், புளிப்புன்னு. அவ்ளோதான், ரெண்டு பேரும் சிரிச்சிட்டுக் கெளம்பிட்டாங்க.

அந்தப் பையன் இன்னும் தோங் தூக்கிட்டு வர்றான். "நல்லா இருக்கீங்களாக்கா"ன்றான். படத்தை யாருக்கு அனுப்புனன்னு கேக்க எனக்கு வாய் வரல.

கடலோரத்தான், பாகான் டத்தோ
எங்க தெலுங்கு வீட்டுல இதுக்குக் கோங்கூரான்னு பேரு. மாமியார் ஒரு கட்டு பேப்பர்ல சுத்திக் குடுத்தாங்க, பஸ்ல தெலுக் இந்தானுக்கு எடுத்துட்டுப் போறேன். பேப்பர் கிழிஞ்சு அஞ்சு விரல் இலை வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு. பக்கத்துல உக்காந்திருந்த அம்மா அதைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, பையை எடுத்துக்கிட்டு டிரைவருக்குப் பின்னால போய் நின்னுட்டாங்க. பஸ் முழுக்கக் காலி சீட்டு லா!

பழைய கங்காணி பேரன், கூலிம்
தம்பி, இந்தப் பேருங்க ஊருக்கு ஊர் மாறும், எங்க வீட்டுல கோங்கூரா வேற, புளிச்சை வேற. கோங்கூரான்னு பெரும்பாலும் விக்கிறது செவப்புத்தண்டு, ரோசெல் ஜாதி. புளிச்சை பச்சைத்தண்டு, அதான் நாருக்கு வளர்க்கிற கெனாஃப். அடியில இருக்கிற இலை முழுசா இருக்கும், மேல போகப்போகத்தான் விரல் விரலாப் பிரியும். என் வீட்டுக்கும் ஒருத்தர் வந்து "இது அதுதானே"ன்னு கேட்டார். இல்லன்னேன். போயிட்டார்.

லயத்துக்காரி தங்கச்சி, உங்க வலையைப் பத்திச் சொல்லணும். செடி ஒரு அடி வந்ததும் நாலாவது இலைக்கு மேல கிள்ளுங்க. நுனியில ஊறுற ஆக்சின்ங்கிற வளர்ச்சி ஹார்மோன்தான் பக்கமொட்டுகளைத் தூங்க வெக்குது. நுனி போச்சுன்னா கீழே இருக்கிற ரெண்டு மூணு மொட்டும் முழிச்சிக்கும். கிளை வலையைத் தாண்டினா மேல விடாதீங்க, பக்கத்துக் கண்ணிக்கு இழுத்து அடியில சொருகுங்க. படுத்த கிளையில கணுவுக்கு ஒரு தளிர் நிமிரும், எல்லா இலைக்கும் வெயில் ஒரே அளவுல கிடைக்கும். காலையில வளைக்காதீங்க, தண்ணி நெறஞ்சு தண்டு விறைப்பா இருக்கும். மத்தியானம் கொஞ்சம் வாடினப்போ வளைங்க. நாருள்ள தண்டு, முறியாது, ஆனா மடிஞ்சா அதுக்கு மேல தளிர் சோம்பிடும். தண்டுல சின்ன முள் இருக்கும், கையுறை போட்டுக்குங்க. நம்ம மலேசியாவுல வருசம் முழுக்கப் பகல் சுமார் பன்னெண்டு மணி நேரம்தான். இது பகல் குறைஞ்சா பூக்கிற செடி, அதனால சீக்கிரமே மொட்டு வெக்கும். மொட்டு வந்தா இலை சிறுத்து முத்திடும், பார்த்தவுடனே கிள்ளுங்க. கோழிச்சாணம் மக்காமப் போடாதீங்க...

லயத்துக்காரி
அண்ணே, கிள்றது எப்படின்னு நான் கேக்கவே இல்லையே.

நைட் ஷிஃப்ட், லாபிஸ்
கங்காணி பேரன் அண்ணனுக்கு ஒண்ணு. நீங்க சொல்ற வலைதான் ஆளைக் காட்டிக் குடுக்குது. கிள்ளி வலையில பரப்புறது கஞ்சாக்காரன் ரூமுக்குள்ள லைட் போட்டுச் செய்ற அதே வேலை. அவன் வெளக்கை பதினெட்டு மணி நேரம் எரிய விட்டுப் பூவைத் தள்ளிப் போடுறான், உங்களுக்கு அது இல்ல, அவ்ளோதான் வித்தியாசம். என் பக்கத்து வீட்டு மாமா அதே கீரையைச் சும்மா வேலியோரம் ஆளுயரத்துக்கு விட்டார், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. நான் வலை கட்டின வாரமே தாமான்காரர் (குடியிருப்புக்காரர்) ஒருத்தர் வேலிக்கு வெளியே நின்னு எண்ணிக்கிட்டு இருந்தார். செடியைத்தான்! உதடு அசையுது.

கோர்ட் வாசல், ஈப்போ
சிரிக்கிறீங்க. 1952 அபாயகரப் போதைப்பொருள் சட்டத்துல 6பி பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, கஞ்சா நட்டாலே ஆயுள் சிறை வரைக்கும் போகும், ரோத்தானும் (பிரம்படி) உண்டு. அதனால வந்து பார்க்கிறவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவங்களுக்கு இலையை விரிச்சுக் காட்டுங்க. கஞ்சாவுல ஒவ்வொரு விரலும் தனி இலை, காம்போட உச்சியில வந்து சேரும். புளிச்சையில விரல் எவ்ளோ பிரிஞ்சாலும் அடியில ஒரே இலைதான். பூ இருந்தா கேள்வியே இல்ல, வெளிர் மஞ்சள், நடுவுல கருஞ்செவப்பு, வெண்டைப்பூ சாயல். அரசாங்கமே இதுக்கு ஒரு வாரியம் வெச்சுது, 2010ல புகையிலை வாரியத்துக்குப் பதிலா வந்த கெனாஃப், புகையிலை வாரியம். கிளந்தான்ல புகையிலை போட்ட காட்டுலயே நட்டாங்க.

எனக்கு நடந்ததா? என் மகன் பள்ளிக்கூடத்துக்கு இலை எடுத்துட்டுப் போனான். அதைச் சொன்னா நீளும்.

கடலோரத்தான்
கோர்ட் அண்ணே, அதை மட்டும் சொல்லாம விட்டீங்களே! செவப்போ பச்சையோ, எங்க வீட்டுல ரெண்டுமே காஞ்ச எறாலோடதான் வேகும், கங்காணி பேரன் அண்ணன் கோவிச்சுக்க வேணாம். பச்சைத்தண்டு விதை இருந்தா யாராவது அனுப்புங்க. வலை வேணாம்.